வாளியும் சாவியும்

கிளப் கவிழும்போதெல்லாம் ரசிகரிடம் கை நீள்கிறது. கொடுத்தவருக்குப் பதிலுக்கு என்ன கிடைக்கிறது?

1997 ஜனவரி மாதக் கடைசி. இங்கிலாந்தின் தென் கடற்கரை நகரமான போர்ன்மவுத்தில், வழக்கமாக இசைக் கச்சேரி நடக்கும் வின்டர் கார்டன்ஸ் அரங்கம் அன்று இரவு பிதுங்கி வழிந்தது. மேடையில் வாத்தியங்கள் இல்லை. ஊரின் கால்பந்து கிளப் கடனில் மூழ்கி, ரிசீவரின் கைக்குப் போயிருந்தது. சீசன் முடியும்வரை அணி தாங்குமா என்பதே சந்தேகம். அரங்கத்தில் வாளிகள் கைமாறின. சில்லறை விழுந்தது. நோட்டு விழுந்தது. செக்கும் விழுந்தது. எண்ணி முடித்தபோது 30 ஆயிரம் பவுண்டுக்கு மேல் சேர்ந்திருந்தது.

கடனோ அதைப்போல நூறு மடங்குக்கும் அதிகம். கணக்குத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பணம் கடலில் கரைத்த பெருங்காயம். ஆனால் கடன்காரர்களிடம் பேரம் பேசப் போன ரசிகர்களுக்கு, அவர்களுக்குத் தலைமை தாங்கிய டிரெவர் வாட்கின்ஸ் என்ற வழக்கறிஞருக்கு, அந்த வாளிகள்தான் கையிலிருந்த துருப்புச்சீட்டு. இந்த ஊர் இந்த கிளப்பைச் சாக விடாது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. சில மாதங்களில் கிளப் ரசிகர்களின் அறக்கட்டளை வசம் வந்தது. 1998ல் அந்த அணி ஒரு கோப்பையின் இறுதி ஆட்டத்துக்காக வெம்ப்ளிக்கே போனது. தோற்றது. ஆனால் போனது.

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். 2008ல் அதே கிளப் மறுபடி நொடித்து, கணக்காளர்களின் நிர்வாகத்துக்குள் போனது. மறுபடி வசூல். 2015ல் பிரீமியர் லீகுக்கு ஏறியபோது அது ஒரு ரஷ்யப் பணக்காரரின் சொத்து. 2022ல் ஓர் அமெரிக்கப் பணக்காரர் வாங்கினார். 1997ல் வாளியில் காசு போட்டவர் இன்று அந்த மைதானத்துக்குள் நுழையத் தடை ஒன்றும் இல்லை. டிக்கெட் வாங்கினால் போதும்.

கால்பந்து ரசிகரிடம் பணம் கேட்பது பற்றி எழுதப்படும் யோசனைகள் பெரும்பாலும் கேட்கும் உத்தியைப் பற்றியவை. எந்தப் பரிசு வைத்தால் சீட்டு விற்கும், எந்த வாசலில் வாளி நிறையும், கேட்பவர் கழுத்தில் கிளப் மஃப்ளர் இருக்க வேண்டுமா வேண்டாமா. இதெல்லாம் தேவைதான். ஆனால் ஒரு கேள்வியை இவை கேட்பதில்லை. வாளி வாசலில் நிற்கிறது. சாவி யாரிடம் இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்காமலே பல பத்தாண்டுகள் ஓடின. இங்கிலாந்தில் ரசிகர் சங்கங்களின் தேசிய சம்மேளனம் 1927ல் உருவானது. அதன் குறிக்கோள் வாசகம்: உதவுவது, இடையூறு செய்யாதிருப்பது. நல்ல மருமகளுக்குச் சொல்லும் புத்திமதி மாதிரி இருக்கிறது. சங்கத்தினர் சொன்னபடியே நடந்தார்கள். டீ விற்றார்கள், நடன விருந்து நடத்தினார்கள், குலுக்கல் சீட்டு விற்றார்கள். அந்தப் பணத்தில் மைதானத்துக்குக் கூரை வந்தது, சிமென்ட் படிகள் வந்தன, 1950களில் இரவு ஆட்டத்துக்கான உயர்கோபுர விளக்குகள் வந்தன. கூரைக்குக் காசு கொடுத்தவர் அந்தக் கூரையின் கீழ் நிற்க வாராவாரம் டிக்கெட் எடுத்தார். டைரக்டர்கள் கூடும் அறைக்குள் அவர் எட்டிப் பார்க்கவும் முடியாது. பல ஊர்களில் ஊர்ப் பெரிய மனிதர்கள், மாமிசக் கடை முதலாளி, கட்டட கான்ட்ராக்டர் என்று நாலைந்து பேர் உள்ளே உட்கார்ந்து கிளப்பை நடத்தினார்கள். பணம் தீர்ந்தால் வெளியே ஆள் அனுப்பினார்கள்.

ஆள் அனுப்பும் முறையில் ஒரு கைத்தொழிலுக்குரிய நுணுக்கம் இருந்தது. வாராந்தரக் குலுக்கல்தான் அதன் முதுகெலும்பு. தொழிற்சாலைக்கு ஒருவர், மதுக்கடைக்கு ஒருவர், தெருவுக்கு ஒருவர் என்று ஏஜென்டுகள். சம்பள நாளில் சக தொழிலாளியிடம் சில்லறை வாங்கி, நோட்டுப் புத்தகத்தில் டிக் அடித்து, கிளப்பில் கொண்டுபோய்க் கட்டுவார்கள். ஆட்ட நாளில் வேறு சீட்டு. இடைவேளையில் எண் அறிவித்து, வசூலில் பாதி வென்றவருக்கு, பாதி கிளப்புக்கு. 'கோல்டன் கோல்' என்ற இன்னொன்று உண்டு. மடித்து ஒட்டிய சீட்டைப் பிரித்தால் உள்ளே ஒரு நேரம் அச்சாகியிருக்கும், 23 நிமிடம் 41 விநாடி என்பதுபோல. முதல் கோல் அந்த விநாடியில் விழுந்தால் பரிசு உங்களுக்கு. எதிரணி போட்ட கோலுக்கும் பரிசு உண்டு என்பதால், சொந்த அணி வாங்கும் அடியைப் பார்த்து ஒரு ரசிகர் மனத்துக்குள் குதிக்கும் விபரீதமும் நடக்கும்.

தொழிற்சாலைகள் மூடப்பட்டபோது ஏஜென்டும் போனார். அவருடைய வேலையை இன்று வங்கி செய்கிறது. மாதம் பிறந்தால் கணக்கிலிருந்து தானாகக் கழியும் தொகை. செலவு குறைவு, சொல்ல மறந்தாலும் நிற்காது. ஆனால் டிக் அடிக்க வந்தவர் பணம் மட்டும் வாங்கிப் போகவில்லை. சென்டர் ஃபார்வர்டு முழங்கால் எப்படி இருக்கிறது என்ற செய்தியையும் சொல்லிவிட்டுப் போனார். வங்கி அதைச் செய்யாது.

சூதாட்டச் சாயம் பூசி வாங்கிய பணத்துக்கு ஒரு குணம் உண்டு. அது கிளப்புக்காகக் கொடுத்ததா, பரிசுக்காகக் கொடுத்ததா என்பது கொடுத்தவருக்கே தெரியாது. பரிசு நாலு வாரம் தொடர்ந்து அடுத்தவருக்கே விழுந்தால் ஐந்தாம் வாரம் கை பின்வாங்கும். இதற்கு மாற்றாக வந்ததுதான் பெயர் பொறித்த செங்கல். நம் கோயில்களில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தையே மறைப்பார்களே, அதன் ஆங்கில அவதாரம். சுவரில் அப்பா பெயரைப் பார்க்கும் மகனுக்கு அதன் மதிப்பு வேறு. கேலி செய்வதற்கில்லை. ஆனால் ஒரு சுவரில் இத்தனை செங்கல்தான் இருக்கும்.

எல்லாவற்றையும்விட எளிதில் வசூலாவது ஆபத்துக் காலப் பணம். வீடு பற்றி எரிந்தால் தெருவே குடத்தோடு ஓடி வரும். அதே வீட்டுக் கூரை ஒழுகினால் கீற்று மாற்ற ஓர் ஆள் கிடைக்காது. ஹாம்பர்க் நகரத்தின் செயின்ட் பாலி கிளப் 2003ல் திவாலின் விளிம்பில் நின்றபோது 'காப்பாற்றியவர்' என்று ஜெர்மன் மொழியில் பொறித்த பனியன்களை விற்றது. ஒரு லட்சத்துக்கு மேல் விற்றன. பேயர்ன் மியூனிக் நட்பு ஆட்டம் ஆட வந்து உதவியது. கோடீஸ்வர கிளப்பான பேயர்னின் நிர்வாகி ஊலி ஹோனஸே அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு நின்றார். இந்த மாதிரிப் பரவசம் ஒருமுறை வரும். ஆண்டுதோறும் 'இந்த ஆண்டும் சாகப்போகிறோம்' என்று சொல்லிக்கொண்டிருந்தால் ரசிகருக்கு அலுத்துவிடும். பிறகு சந்தேகம் வரும்: போன தடவை கொடுத்தது எங்கே போனது?

இந்தச் சந்தேகத்தைத்தான் நார்த்தாம்டனில் ஒரு கூட்டம் வாய்விட்டுக் கேட்டது. 1992 ஜனவரி. நார்த்தாம்டன் டவுன் கிளப்பின் கடன் 16 லட்சம் பவுண்டை எட்டியதாகத் தெரியவந்தது. சுமார் 600 பேர் கூடினார்கள். வழக்கப்படி வாளி சுற்றியிருக்க வேண்டும், தலைவரிடம் பணம் போயிருக்க வேண்டும். இங்கே ஒரு சின்ன மாற்றம். வசூலாகும் பணத்தை கிளப்பிடம் கொடுப்பதில்லை, ரசிகர்களே ஓர் அறக்கட்டளை அமைத்து அதில் வைத்துக்கொள்வது, நிர்வாகத்தில் இடம் தந்தால்தான் பணம் என்று முடிவெடுத்தார்கள். கிளப்பைக் காப்பாற்றுவது ஒரு நோக்கம், நிர்வாகத்தில் பங்கு பெறுவது இன்னொன்று. இரண்டும் ஒரே மூச்சில். முன்னின்றவர் பிரையன் லோமாக்ஸ். ரசிகர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு ஓர் ஆங்கில கிளப்பின் டைரக்டர் ஆன முதல் மனிதர். 2015ல் காலமானார். 'உதவுவது, இடையூறு செய்யாதிருப்பது' என்ற வாசகத்தின் பின்பாதியை அடித்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

அதன் பிறகு ரசிகர் அறக்கட்டளைகள் பெருகின. பெயர்தான் அறக்கட்டளை, நம் ஊர்க் கணக்கில் அது கூட்டுறவுச் சங்கம். சந்தா எவ்வளவு கட்டினாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு. எக்ஸெடர் நகரத்தில் 2003ல் கிளப்பே இப்படி ஒரு சங்கத்தின் கைக்கு வந்தது. மாதம் ஒரு சிறு தொகை, பரிசு கிடையாது, பனியன் கிடையாது. 2005 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டின் சொந்த மைதானத்திலேயே போய் 0-0 என்று சமன் செய்ததும், மறு ஆட்டம் எக்ஸெடரில் நடந்ததும், அந்த இரண்டு ஆட்டங்களின் வசூலில் பழைய கடன் தீர்ந்ததும் அதிர்ஷ்டம். ஆனால் அதிர்ஷ்டம் வரும்வரை கதவைத் திறந்து வைத்திருந்தது மாதச் சந்தா.

பணமே இல்லாதவரிடம் என்ன கேட்பது? பெர்லின்காரர்கள் இதற்குப் பதில் கண்டுபிடித்தார்கள். பழைய கிழக்கு பெர்லினின் கோபெனிக் பகுதியில், மரங்களுக்கு நடுவே இருக்கிறது யூனியன் பெர்லின் கிளப்பின் மைதானம். தொழிலாளர்களின் கிளப் என்பது அதன் பெருமை. 2004ல் லைசென்ஸ் கிடைக்க ஜெர்மன் கால்பந்து சங்கத்திடம் 14.6 லட்சம் யூரோ முன்பணம் காட்ட வேண்டியிருந்தது. ரசிகர்கள் ரத்த வங்கிக்குப் போனார்கள். ஜெர்மனியில் ரத்தம் கொடுப்பவருக்கு ஒரு சிறு தொகை தரும் வழக்கம் உண்டு. கிளப்புக்காக ரத்தம் சிந்துகிறோம் என்று எல்லா ஊர் ரசிகர்களும் பாடுவார்கள். இவர்கள் கையை நீட்டிப் படுத்து, நிஜமாகவே சிந்தி, கிடைத்த காசை கிளப்பில் கட்டினார்கள்.

நாலு ஆண்டு கழித்து மைதானம் இடிந்து விழும் நிலை. புதுப்பிக்கக் காசு இல்லை. 2008 கோடையிலிருந்து 2009 கோடை வரை 2,000க்கும் மேற்பட்ட ரசிகர்கள் கூலி வாங்காமல் வேலை செய்தார்கள், மொத்தம் 1,40,000 மணி நேரம். வெல்டிங் தெரிந்தவர் வெல்டிங் செய்தார், ஒன்றும் தெரியாதவர் கல் சுமந்தார், அதுவும் முடியாதவர் சாப்பாடு பரிமாறினார். பணம் கேட்டால் ஏழை ரசிகர் தலை குனிந்து போவார். உழைப்பைக் கேட்டால் வங்கி மேனேஜரைவிட கொத்தனார்தான் பெரிய நன்கொடையாளர். நிதி திரட்டுவோர் அடிக்கடி மறந்துபோகும் விஷயம் இது. 2011ல் அதே மைதானத்தின் பங்குகளை விற்றபோது ஒன்று 500 யூரோ, ஒருவருக்கு அதிகபட்சம் பத்து என்று வரம்பு கட்டினார்கள். ஆன்மாவை விற்கிறோம், ஆனால் எல்லோருக்கும் இல்லை என்பது விளம்பரத்தின் சாரம். 2019ல் அந்த அணி முதன்முறையாக பண்டஸ்லீகாவுக்கு ஏறியது. 2023ல் சாம்பியன்ஸ் லீக் ஆடியது. கல் சுமந்ததால் ஏறியது என்று சொல்வது மிகை. கல் சுமந்திராவிட்டால் ஏறுவதற்கு ஒரு மைதானம் இருந்திருக்காது.

இத்தனையும் சொன்ன பிறகு போர்ட்ஸ்மவுத்தையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. 2008ல் எஃப்.ஏ. கோப்பை வென்ற கிளப் இது. 2010ல் 10 கோடி பவுண்டைத் தாண்டிய கடனோடு கவிழ்ந்தது. முதலாளி மாற்றி முதலாளி வந்து, ஐந்தே ஆண்டில் பிரீமியர் லீகிலிருந்து நாலாம் நிலைக்குச் சரிந்தது. 2013 ஏப்ரலில் ரசிகர்கள் வாங்கினார்கள். ஒரு பங்கு 1,000 பவுண்ட். தனியாக முடியாதவர்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரு பங்கு எடுத்தார்கள், சீட்டுப் பிடிப்பதுபோல. 2014ல் பழைய கடன் தீர்ந்ததாக அறிவித்தார்கள். 2017ல் நாலாம் நிலையில் முதலிடம்.

அந்த மாதமே ஒரு வாக்கெடுப்பு. டிஸ்னி நிறுவனத்தின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னர் 56.7 லட்சம் பவுண்டுக்கு வாங்க வந்தார். கூடுதலாக ஒரு கோடி பவுண்ட் முதலீடு செய்வதாகச் சொன்னார். வாக்களித்த ரசிகர் பங்குதாரர்களில் ஐந்தில் நாலு பேர் விற்கலாம் என்றார்கள். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் மிரட்டவில்லை. மைதானம் பழையது, பழுது பார்க்கும் செலவு பெரியது, இன்னும் எத்தனை தடவைதான் சக ரசிகரிடம் கை நீட்டுவது என்ற களைப்பு. 2024ல் அந்த கிளப் இரண்டாம் நிலைக்கு ஏறியபோது விற்றது சரிதான் என்றவர்கள் உண்டு. விற்றது சரியா தவறா என்று வெளியே இருப்பவர் தீர்ப்புச் சொல்வது எளிது. வாளியோடு மழையில் நின்றவருக்குத்தான் அந்தக் களைப்பு தெரியும். ஒன்றை மட்டும் சொல்லலாம். விற்பதா வேண்டாமா என்று அவர்களைக் கேட்டார்கள்.

கொல்கத்தாவில் ரசிகருக்கு அந்தக் கேள்வி வரவில்லை. 1889ல் பிறந்த மோகன் பகானும் 1920ல் பிறந்த ஈஸ்ட் பெங்காலும் அடிப்படையில் உறுப்பினர் சங்கங்கள். ஆண்டுச் சந்தா கட்டிய கார்டு பல வீடுகளில் அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும் சொத்து. 1911ல் வெறுங்காலோடு ஆடி ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்டைத் தோற்கடித்த கதையும் அதோடு சேர்த்து வரும். ஆனால் நவீன கால்பந்துக்கு வேண்டிய கோடிகளுக்குச் சந்தா எந்த மூலைக்கு? நிர்வாகிகள் கம்பெனிகளின் கதவைத் தட்டினார்கள். 1998ல் விஜய் மல்லையாவின் யு.பி. குழுமம் இரண்டு கிளப்பிலும் நுழைந்தது. பரம வைரிகள் 'மெக்டவல் மோகன் பகான்', 'கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால்' என்று ஒரே வீட்டு பிராண்டுகளைச் சுமந்து மோதினார்கள். 2020ல் மோகன் பகானின் கால்பந்து அணி ஏடிகே உரிமையாளர்களான ஆர்.பி.-சஞ்சீவ் கோயங்கா குழுமத்தோடு இணைந்தது. பங்கு 80 சதவீதம் அவர்களுக்கு, 20 சதவீதம் கிளப்புக்கு. பெயரின் முன்னால் ஒட்டிக்கொண்ட ஏடிகே என்ற மூன்றெழுத்தை நீக்கச் சொல்லி ரசிகர்கள் மூன்று ஆண்டு போராடினார்கள். 2023ல் நீங்கியது. அதற்குப் பதில் 'சூப்பர் ஜயன்ட்' ஒட்டிக்கொண்டது.

எதிர் முகாமிலும் இதேதான். 2021 ஜூலையில், முதலீட்டாளரோடு இறுதி ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் இழுபறியாக இருந்தபோது, ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் கிளப் வாசலில் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்த நாளில் ஹில்சா மீனுக்கும் மோகன் பகான் ஜெயித்த நாளில் இறாலுக்கும் கேட்ட விலை கொடுக்கும் ஜனங்கள் இவர்கள். 'கிளப்பில் ஓர் ஓட்டு தருகிறோம், மாதம் 50 ரூபாய் தாருங்கள்' என்று கேட்டால் எத்தனை பேர் தருவார்கள்? குறைவாகவே தரலாம். கம்பெனியின் கோடிக்கு அது ஈடாகாமலும் போகலாம். ஆனால் தடி வாங்கியவர்களிடம் அதற்கு முன் வாளியாவது நீட்டியிருக்கலாம்.

பணக்காரர் வருகிறார், பணமும் வருகிறது, சாவியும் போகிறது. இதே நெருக்கடி 2019 டிசம்பரில் தெற்கு லண்டனில் இன்னொரு கிளப்புக்கு வந்தது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

விம்பிள்டன் என்றால் நமக்கு டென்னிஸ். அங்கே ஒரு கால்பந்து கிளப் இருந்தது, 1988ல் லிவர்பூலை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையையே எடுத்தது. பிளவ் லேன் என்ற சொந்த மைதானத்தை விட்டு 1991ல் வேறொரு கிளப்பின் மைதானத்தில் வாடகைக்குக் குடிபோனது. 2002 மே 28 அன்று, கிளப்பை 90 கிலோமீட்டர் சுமார் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸ் நகரத்துக்கு மாற்றிக்கொள்ள முதலாளிகளுக்கு மூவர் குழு ஒன்று அனுமதி தந்தது. பழைய ஊரில் சாம்பலிலிருந்து புதிதாக ஒரு கிளப்பை எழுப்புவது கால்பந்தின் பொது நலனுக்கு உகந்ததல்ல என்பதும் அந்தக் குழுவின் கருத்து.

ரசிகர்கள் அன்றே எழுப்பத் தொடங்கினார்கள். ஜூன் மாதம் விம்பிள்டன் பொது மைதானத்தில் ஆட்டக்காரர் தேர்வு. 230 பேர் வந்தார்கள். ஜூலையில் சட்டன் யுனைடெட்டோடு முதல் நட்பு ஆட்டம். 0-4 என்று தோல்வி. பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். ஏ.எஃப்.சி. விம்பிள்டன் பிறந்துவிட்டது. ஒன்பதாம் நிலைக் குட்டி லீகில் ஆடும் அணிக்கு இத்தனை கூட்டம் வந்தால் எதிரணி மைதானங்களில் டீ தீர்ந்துபோகும். உரிமை முழுவதும் 'டான்ஸ் டிரஸ்ட்' என்ற ரசிகர் சங்கத்திடம், ஒருவருக்கு ஓர் ஓட்டு. 2003ல் கிங்ஸ்மெடோ மைதானத்தை வாங்கப் பங்கு விற்று 10 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள், பெரும்பான்மை ஓட்டை மட்டும் சங்கத்தை விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒன்பது ஆண்டில் ஐந்து முறை உயர்ந்து 2011ல் தொழில்முறை லீகுக்குள் நுழைந்தார்கள்.

ஆனால் மனம் பிளவ் லேனிலேயே இருந்தது. பழைய மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் புதிதாக ஒன்று கட்ட இடம் அமைந்தது. 2019ல் இணையம் வழியே பங்கு விற்று சுமார் 24 லட்சம் பவுண்ட் சேர்த்தார்கள். கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் துண்டு விழுகிறது என்று சங்க நிர்வாகிகள் உறுப்பினர்களிடம் சொன்னார்கள். வெளி முதலீட்டாளருக்குப் பெரிய பங்கு கொடுப்பது ஒரு வழி என்ற யோசனையும் கூடவே வந்தது. கூட்டத்தில் அனல் பறந்தது. 2002ல் முதலாளிகளிடம் பட்டவர்கள் அல்லவா.

மறுத்தால் மட்டும் போதாது, மாற்று வேண்டும். ரசிகர்களில் சிலர், வங்கி, நிதித் தொழில் தெரிந்தவர்கள், ஒரு கடன் பத்திரத்தைத் தயாரித்தார்கள். 2020 ஜனவரியில் 'பிளவ் லேன் பத்திரம்' வெளியானது. குறைந்தபட்சம் 1,000 பவுண்ட். கெடு 5, 10, 20 ஆண்டு, எது வேண்டுமோ அது. வட்டி? அதையும் கொடுப்பவரே தீர்மானிக்கலாம், பூஜ்யத்திலிருந்து 4 சதவீதம் வரை.

இந்த வட்டிக் கட்டத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நன்கொடை கேட்டால் கொடுப்பவர் பணத்தை மறந்துவிட வேண்டும். முதலீடு கேட்டால் லாபம் காட்ட வேண்டும், கால்பந்தில் லாபம் காட்டுவதாகச் சொல்பவரை நம்பக் கூடாது. இரண்டும் இல்லாமல், கடனாகக் கொடுங்கள், உங்களுக்கு இதில் எவ்வளவு வேண்டும் என்று நீங்களே எழுதுங்கள் என்று படிவத்தை நீட்டினால்? ஓய்வூதியக்காரர் 4 என்று எழுதலாம், வெட்கமில்லை. வசதியுள்ளவர் பூஜ்யம் என்று எழுதலாம். மொய் நோட்டுக்கு நெருங்கிய உறவு இது. திரும்பி வர வேண்டிய பணம், ஆனால் வட்டிக்கடை இல்லை. கொடுப்பவரின் நிலைமைக்கும் பாசத்துக்கும் ஏற்ப அவரே நிறுத்துக்கொள்ளும் தராசு. சுமார் ஒரு மாதத்தில் 50 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது.

குறையும் உண்டு. 1,000 பவுண்ட் எல்லார் கையிலும் இருக்காது. கடன் கடன்தான், கெடு வந்தால் திருப்ப வேண்டும், திருப்பும் பணமும் கடைசியில் இதே ரசிகர்களின் டிக்கெட்டிலிருந்துதான் வரும். வாளி மட்டும் போதவும் இல்லை. ஆன்லைன் துணிக்கடையான ஆசோஸின் நிறுவனர்களில் ஒருவர் 25 லட்சம் பவுண்ட் போட்டார், சிறுபான்மைப் பங்குதாரராக. பெரும்பான்மை சங்கத்திடமே நின்றது. பெரிய சம்பளத்துக்கு ஆட்டக்காரர்களை வாங்க முடியாத அணி 2022ல் ஒரு நிலை கீழே விழுந்தது, 2025ல் மறுபடி ஏறியது. இப்படித்தான் இருக்கும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

2020 நவம்பர் 3, செவ்வாய்க்கிழமை இரவு. 29 ஆண்டுக்குப் பிறகு பிளவ் லேனில் ஆட்டம். எதிரணி டான்காஸ்டர் ரோவர்ஸ். சுமார் 9 ஆயிரம் பேருக்கு இடமுள்ள மைதானம், புது பெயின்ட் வாசனை, விளக்குகள் எல்லாம் எரிந்தன. கேலரிகள் காலி. கொரோனா காலம், ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. பத்திரம் வாங்கியவர்கள், சந்தா கட்டியவர்கள், 2002ல் வாளி ஏந்தியவர்கள் எல்லோரும் வீட்டில் திரை முன்னால் உட்கார்ந்து தாங்கள் கட்டிய மைதானத்தைப் பார்த்தார்கள். ஆட்டம் 2-2.